ராக்கி மார்சியானோ: குத்தின் வலிமை எங்கிருந்து வந்தது?

1952ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகர முனிசிபல் ஸ்டேடியத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி நடந்தது. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்திருந்தன. நடப்புச் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், நடுவர்கள் மூவரின் புள்ளிக் கணக்கிலும் முன்னிலையில் இருந்தார். அவரை எதிர்த்த 29 வயது இளைஞர் முதல் சுற்றிலேயே கீழே விழுந்து எழுந்தவர். அவரது தொழில்முறை வாழ்க்கையில் அவர் தரையைத் தொட்டது அதுவே முதல் முறை. பட்டம் கைமாற வேண்டுமானால் எதிராளியை வீழ்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை.

பதின்மூன்றாவது சுற்றில் அந்த இளைஞரின் வலக்கை மிகக் குறுகிய தூரமே பயணித்து வால்காட்டின் தாடையைத் தாக்கியது. வால்காட் கயிற்றைப் பற்றியபடி சரிந்தார். பத்து எண்ணி முடிக்கும்வரை அவர் எழவில்லை. ராக்கி மார்சியானோ உலக சாம்பியனானார்.

சுமார் 83 கிலோ எடையும் சராசரி உயரமும் கொண்ட ஒருவரால், பெரிதாகக் கையை ஓங்காமலேயே, அத்தகைய குத்தை எவ்வாறு கொடுக்க முடிந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. குத்துச்சண்டை வீரர்கள் ஓட்டம், கயிறு தாண்டுதல், மூட்டையைக் குத்துதல், பயிற்சிச் சண்டை ஆகிய மரபான பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா, அல்லது உடல் வலிமைக்கென்று தனிப் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டுமா என்ற விவாதத்தில் இன்றும் அவரது பெயர் அடிபடுகிறது. இரு தரப்பினரும் அவரையே தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர் என்பதே இதில் வியப்பு.

காலணி நகரத்தின் குடியேறிகள்

ரோக்கோ பிரான்சிஸ் மார்கெஜியானோ 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போஸ்டனுக்குத் தெற்கே உள்ள பிராக்டன் நகரில் பிறந்தார். காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தந்தை பியரினோ, இத்தாலியின் அப்ருட்சோ பகுதியைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் பங்கேற்றுக் காயமுற்றுத் திரும்பிக் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தாய் பாஸ்குவாலினாவும் இத்தாலியிலிருந்து குடியேறியவரே. ஆறு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் மூத்த மகனான ரோக்கோ, ஒன்றரை வயதில் நிமோனியா காய்ச்சலால் உயிருக்குப் போராடிப் பிழைத்தார்.

குத்துச்சண்டை அவரது முதல் கனவு அல்ல. பேஸ்பால் விளையாட்டில் பெயரெடுக்க வேண்டும் என்பதே விருப்பம். ஆயினும் வீட்டின் பின்புறம் அவர் தாமே செய்துகொண்ட எடைக் கருவிகளைத் தூக்கிப் பழகினார்; தபால் மூட்டை ஒன்றில் துணிகளை அடைத்து மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் பனிக்கட்டியும் நிலக்கரியும் விநியோகிக்கும் வண்டியில் கூலியாளாகச் சேர்ந்தார். பள்ளம் தோண்டுதல், ரயில் பாதை அமைத்தல், காலணித் தயாரிப்பு என வேறு பல வேலைகளையும் செய்தார்.

பிற்காலத்தில் பத்திரிகைகள் வியந்து எழுதிய தோள்களும் தொடைகளும் இந்த ஆண்டுகளில் உருவானவை. சம்பளத்துக்காகச் செய்த அந்த உழைப்பை அக்காலத்தில் எவரும் பயிற்சி என்று அழைக்கவில்லை. ஆனால் மண்வெட்டியால் நிலக்கரியை அள்ளி வீசும்போது கால்கள் தரையை உந்துகின்றன, இடுப்பு திரும்புகிறது, முதுகும் தோளும் அந்த விசையைக் கைக்குக் கடத்துகின்றன. ஒரு குத்தில் உடல் இயங்கும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுவே.

முதல் பாடம் ஒரு தோல்வி

1943இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட அவர், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சியில் பணிபுரிந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து நார்மண்டிக்குத் தளவாடங்களைக் கொண்டு சேர்க்கும் பணியில் அவரது பிரிவு ஈடுபட்டிருந்தது. ராணுவத்தில்தான் அவர் முறையான குத்துச்சண்டைப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தொடங்கினார்.

1946இல் அவர் பங்கேற்ற அமெச்சூர் போட்டி ஒன்று அவமானத்தில் முடிந்தது. வலிமை இருந்தது, மூச்சு இல்லை. களைத்துப்போய் எதிராளியை முழங்காலால் இடித்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். உடல் வலிமை மட்டுமே குத்துச்சண்டை வீரனை உருவாக்காது என்பதை அவர் அன்று உணர்ந்தார். அதன்பின் தினமும் பல மைல்கள் ஓடுவதை அவர் வாழ்நாள் ஒழுக்கமாகவே கொண்டார்.

1947 மார்ச் மாதம், மாசசூசெட்ஸின் ஹோலியோக் நகரில் ராக்கி மேக் என்ற புனைபெயரில் முதல் தொழில்முறைச் சண்டையில் வென்றார். ஆயினும் பேஸ்பால் கனவு விடவில்லை. அதே ஆண்டு சிகாகோ கப்ஸ் அணியின் தேர்வுக்குச் சென்றார். பந்தைத் துல்லியமாக எறிய இயலவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். வலிமையும் திறனும் ஒன்றல்ல என்பதற்கு அவர் வாழ்வில் கிடைத்த இரண்டாவது சான்று அது. 1948 ஜூலையில் முழுநேரத் தொழில்முறை வீரரானார். மார்கெஜியானோ என்ற பெயரை உச்சரிக்க அறிவிப்பாளர் திணறியதால் அது மார்சியானோ எனச் சுருங்கியது.

பளுவின் மீதான அச்சம்

அக்காலக் குத்துச்சண்டைக் கூடங்களில் பளு தூக்குவது ஏறக்குறைய விலக்கப்பட்ட செயல். தசைகள் பருத்தால் இறுகிவிடும், கை வேகம் குறையும், மூட்டுகள் வளையாது என்பது பயிற்சியாளர்களின் உறுதியான நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எப்போதுமே இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் ராணுவத்தினர் மேற்கே கொண்டுசென்ற கர்லாக்கட்டைகளும், எடை குறைந்த டம்பெல்களும் குத்துச்சண்டை வீரர்களின் பயிற்சியில் இடம்பெற்றிருந்தன. அவை இலகுவானவை, சுழற்சிக்கும் சகிப்புத்தன்மைக்கும் உரியவை. கனமான இரும்புத் தண்டைத் தூக்குவதே அஞ்சப்பட்டது. அது மல்லர்களுக்கும் சர்க்கஸ் பலசாலிகளுக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்டது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. இரும்பைத் தடைசெய்த அதே பயிற்சியாளர்கள், சுரங்கத்திலும் கொல்லுப்பட்டறையிலும் வேலை செய்து வந்த இளைஞர்களை விரும்பித் தேடினர். உலக சாம்பியன்களான பாப் பிட்சிம்மன்ஸ் கொல்லராக இருந்தவர்; ஜாக் டெம்ப்சி சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர்; ஜோ லூயிஸ் இளமையில் பனிக்கட்டி சுமந்தவர். வறுமை அவர்களுக்கு வலிமைப் பயிற்சியை முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தது. எனவே கூடத்தில் அதைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவை எழவில்லை எனலாம்.

கோல்ட்மனின் கைவண்ணம்

நண்பர் ஆலி கொலம்போவின் முயற்சியால் மார்சியானோ நியூயார்க்கில் மேலாளர் ஆல் வைலையும், பயிற்சியாளர் சார்லி கோல்ட்மனையும் சந்தித்தார். முன்னாள் குத்துச்சண்டை வீரரான கோல்ட்மன் மிகக் குள்ளமான மனிதர். அவர் கண்ட இளைஞனுக்கு அப்போது 24 வயது. தொழிலைத் தொடங்கத் தாமதமான வயது. கைநீட்டம் ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே மிகக் குறைவான ஒன்று. கால் அசைவு தடுமாற்றமானது. ஆனால் வலக்கையில் அபூர்வ ஆற்றல் இருந்தது.

கோல்ட்மன் அந்த ஆற்றலைக் கூட்ட முயலவில்லை. அதற்கு வழி அமைத்துக் கொடுத்தார். குனிந்து நெருங்கிச் செல்லும் முறையைக் கற்பித்தார். அதனால் குறுகிய கைகள் குறையாக இல்லாமல் போயின. நிற்கும்போது கால்கள் அளவுக்கு மீறி அகலாதிருக்க அவற்றைக் கயிற்றால் பிணைத்துப் பழக்கினார் என்று கூறப்படுகிறது. இடக்கை ஹூக் குத்தைப் புதிதாகப் பயிற்றுவித்தார்.

மார்சியானோ இத்துடன் நிற்கவில்லை. வழக்கமானதைவிட மிகக் கனமான மூட்டையைக் குத்திப் பழகினார். நீச்சல் குளத்தில் இறங்கி, தண்ணீருக்குள் கைகளை வீசிக் குத்தும் பயிற்சியையும் செய்தார். நீரின் எதிர்ப்புக்கு மாறாகக் கையைச் செலுத்துவதும், அசையாத கனத்தைக் குத்தி அசைப்பதும் வலிமைப் பயிற்சியின் வடிவங்களே. இரும்பு இல்லாமலேயே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

வெற்றியின் விலை

அந்த வலிமையின் மறுபக்கம் 1949 டிசம்பர் 30ஆம் தேதி வெளிப்பட்டது. நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கார்மைன் விங்கோ என்ற இளம் வீரரை ஆறாவது சுற்றில் மார்சியானோ வீழ்த்தினார். விங்கோ நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் உயிர் பிழைப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. உயிர் தப்பினாலும் அவரால் மீண்டும் களமிறங்க இயலவில்லை. மார்சியானோ மனமுடைந்து போனார்; மருத்துவச் செலவுக்கு உதவினார். மறு ஆண்டின் இறுதியில் நடந்த அவரது திருமணத்துக்கு விங்கோ விருந்தினராக வந்தார்.

குத்தின் வலிமையைக் கூட்டுவது பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத நிகழ்வு இது. கூடும் ஒவ்வொரு அளவு வலிமையும் மற்றொருவரின் தலையில் சென்று முடிகிறது.

1951 அக்டோபர் 26ஆம் தேதி, தமது இளமைக்கால நாயகனான ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். 37 வயதான லூயிஸ் கயிறுகளுக்கு வெளியே சரிந்த காட்சி அமெரிக்காவை உலுக்கியது. வென்றவரே பின்னர் அழுததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் உலகப் பட்டம் கிடைத்தது. 1953 மே மாதம் நடந்த மறுபோட்டியில் வால்காட் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

ஆனால் 1954 ஜூன் மாதம் எசார்ட் சார்ல்ஸ் 15 சுற்றுகளும் நின்று சண்டையிட்டார். மார்சியானோ புள்ளிகளில்தான் வெல்ல முடிந்தது. மூன்று மாதங்கள் கழித்து நடந்த மறுபோட்டியில் மார்சியானோவின் மூக்கு பிளந்து இரத்தம் கொட்டியது. சண்டை எந்நேரமும் நிறுத்தப்படலாம் என்ற நிலையில் எட்டாவது சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தினார். இப்போட்டிகளில் அவரைக் காத்தது குத்தின் வலிமை மட்டுமன்று. கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றின் வேகத்தில் குத்தும் சகிப்புத்தன்மையும் ஆகும். அது மைல் கணக்கான ஓட்டத்தாலும் பயிற்சிச் சண்டைகளாலும் வந்தது.

அருகிலேயே நடந்த ஆய்வு

மார்சியானோ லூயிஸை வீழ்த்திய அதே 1951ஆம் ஆண்டில், அவரது சொந்த மாநிலத்திலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர் முதல் தொழில்முறைச் சண்டையில் வென்ற ஹோலியோக் நகருக்கு மிக அருகில் உள்ளது ஸ்பிரிங்பீல்ட் கல்லூரி. ரஷ்யாவிலிருந்து குடியேறிய உடலியல் அறிஞர் பீட்டர் கார்போவிச் அங்கு பணியாற்றினார். பளு தூக்குவது மனிதரை மந்தமாக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியவர்களில் அவரும் ஒருவர்.

அவரும் வில்லியம் சோர்பாஸும் 600 ஆண்களைச் சோதித்தனர். பாதிப்பேர் பளு தூக்குபவர்கள், மறுபாதியினர் தூக்காதவர்கள். கையால் ஒரு கருவியை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடிகிறது என்பது அளக்கப்பட்டது. பளு தூக்கியவர்களே வேகமானவர்கள் என்பது முடிவு.

இந்த ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. இயல்பிலேயே வேகமானவர்கள் பளு தூக்குதலைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். கருவியைச் சுழற்றுவது குத்துவதற்கு இணையாகாது. எனினும் பளு தூக்கினால் வேகம் கட்டாயம் குறையும் என்ற பழைய நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. ஆனால் அச்செய்தி குத்துச்சண்டைக் கூடங்களைச் சென்றடையப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அறிவு வகுப்பறையில் பிறந்தாலும், கூடங்களில் அனுபவமே ஆட்சி செய்தது.

தோல்வி அறியாத ஓய்வு

1955 செப்டம்பர் 21ஆம் தேதி நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஆர்ச்சி மூரை எதிர்கொண்டார் மார்சியானோ. இரண்டாவது சுற்றில் தாமே கீழே விழுந்தாலும், ஒன்பதாவது சுற்றில் மூரை வீழ்த்தினார். அதுவே அவரது கடைசிப் போட்டி. 1956 ஏப்ரல் 27ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக்-அவுட். ஒரு தோல்வியோ சமநிலையோ இன்றி ஓய்வுபெற்ற முதல் ஹெவிவெயிட் உலக சாம்பியன் அவரே.

ஓய்வுக்குக் குடும்பத்துடன் இருக்கும் விருப்பம் ஒரு காரணம். மேலாளர் வைல் மீதிருந்த கசப்பு மற்றொரு காரணம் என்று கருதப்படுகிறது. வைல் அவரது வருமானத்தில் பாதியைப் பெற்றுவந்தார். அக்காலத்தில் பெரும் போட்டிகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த இன்டர்நேஷனல் பாக்சிங் கிளப் நிறுவனத்திலும் அவர் பொறுப்பு வகித்தவர். அந்நிறுவனத்தின் ஏகபோகம் 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. குடியேறித் தொழிலாளியின் மகனுக்கு உடலே முதலீடு. அந்த முதலீட்டின் வருவாயைப் பிறர் பங்கிட்டனர் என்பதும் இந்த வாழ்க்கையின் ஒரு பகுதியே.

1969 ஆகஸ்ட் 31ஆம் தேதி, தமது 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகருக்கு அருகே சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் மார்சியானோ உயிரிழந்தார். அதில் பயணித்த மற்ற இருவரும் மாண்டனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்

அவரது மறைவுக்குப் பின்னரும் விவாதம் தொடர்ந்தது. 1985இல் லாரி ஹோம்ஸ் 48 போட்டிகளில் தோல்வியின்றி இருந்தார். இன்னொன்றை வென்றால் மார்சியானோவின் சாதனையை எட்டிவிடுவார். எதிரே வந்தவர் எடைப்பிரிவில் கீழே இருந்த லைட் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். மாக்கி ஷில்ஸ்டோன் என்ற உடற்பயிற்சி வல்லுநர் ஸ்பிங்க்ஸைப் புதிய முறையில் தயார் செய்திருந்தார். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பதில் குறுகிய வேக ஓட்டங்கள். கூடவே எடைப் பயிற்சி. உடல் எடை சுமார் 200 பவுண்டு வரை கூட்டப்பட்டது. பழைய பயிற்சியாளர்கள் பலர் ஏளனம் செய்தனர்.

செப்டம்பர் 21ஆம் தேதி, மார்சியானோவின் கடைசிச் சண்டை நடந்து சரியாக 30 ஆண்டுகள் கழித்து, ஸ்பிங்க்ஸ் 15 சுற்றுகளில் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். இரும்பை ஏற்றுக்கொண்ட ஒருவரால் மார்சியானோவின் சாதனை அன்று காப்பாற்றப்பட்டது. பின்னர் இவாண்டர் ஹோலிபீல்டும் இதே வழியில் உடலை வளர்த்து ஹெவிவெயிட் சாம்பியனானார். ஆனால் இதே ஸ்பிங்க்ஸ், 1988 ஜூனில் மைக் டைசனிடம் 91 விநாடிகளில் வீழ்ந்தார் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். எடைப் பயிற்சி எவருக்கும் வெற்றிக்கான உத்தரவாதம் அன்று.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

1980களில் வெளியான சோவியத் ஆய்வொன்று, குத்தின் விசையில் உடலின் எப்பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட முயன்றது. தேர்ந்த வீரர்களிடம் கால்களின் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம். கையின் பங்கு 24 சதவீதம் அளவே. தொடக்க நிலையில் இருப்பவர்களிடம் கால்களின் பங்கு சுமார் 17 சதவீதமாகச் சுருங்கி, கையின் பங்கு 38 சதவீதமாக இருந்தது. 2016இல் பிரேசிலின் அமெச்சூர் வீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், உயரமாகத் தாவக்கூடியவர்களும் எடையை வேகமாக உந்தக்கூடியவர்களுமே வலுவாகக் குத்தினார்கள் என்று தெரியவந்தது.

இவற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, கால்களுக்கும் இடுப்புக்கும் உடற்பகுதிக்கும் வேகத்துடன் கூடிய வலிமைப் பயிற்சி அளிப்பது குத்துச்சண்டை வீரருக்குப் பயன் தரக்கூடும். புஜங்களைப் பருக்கவைப்பதற்கு அந்த அளவு பயன் இல்லை. எடைப்பிரிவு உள்ள விளையாட்டில் தேவையற்ற தசை ஒரு சுமையே. இரண்டு, கால்களின் விசையை முட்டிவரை கொண்டுசேர்ப்பது பயிற்சியால் வரும் திறன். அதை மூட்டையும் பயிற்சிச் சண்டையும் கண்டிப்பான பயிற்சியாளரும் மட்டுமே தர இயலும். எனவே எடைப் பயிற்சி மரபான பயிற்சிக்குத் துணையாகலாம்; அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. சண்டை நெருங்கும் நாட்களில் அது உடலைக் களைப்படையச் செய்தால் தீங்காகவும் முடியும்.

மார்சியானோவின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. நிலக்கரியும் மண்வெட்டியும் அவருக்கு வலிமை தந்தன. 1946இல் அந்த வலிமை மட்டும் இருந்தபோது அவர் தோற்றார். ஓட்டமும் கோல்ட்மனின் பாடமும் சேர்ந்தபின் அவர் தொழில்முறையில் தோற்கவே இல்லை. இன்றைய வீரர்களில் பெரும்பாலோர் நிலக்கரி அள்ளி வளர்ந்தவர்கள் அல்லர். அவருக்குத் தொழிற்சாலை நகரம் இலவசமாகக் கொடுத்ததை அவர்கள் இரும்பிலிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, வால்காட்டை அவர் வென்றதன் அறுபதாவது ஆண்டு நிறைவில், பிராக்டன் நகரில் அவருக்கு 20 அடிக்கும் மேல் உயரமான வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அவர் படிப்பை முடிக்காமல் விலகிய உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்துக்கு அருகே அது நிற்கிறது.